முதியோர் இல்லச் சாப்பாட்டில் வயதானவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள்?

அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கவிருக்கிறீர்கள், சாப்பாட்டு விடயத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஓர் இல்லத்தின் சமையலறையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பணியாளர் வீடு திரும்ப வசதியாக மாலை 6 மணிக்கே பரிமாறிவிட்டு, மறுநாள் காலை 8 மணிக்கு அடுத்த சாப்பாடு கொடுக்கும் இடங்கள் உண்டு. இடையில் 14 மணித்தியாலம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இது ஆபத்து. நள்ளிரவில் சீனி இறங்கிவிடலாம். படுக்கப் போகுமுன் ஒரு கோப்பை பாலாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அடுத்தது சூடு. எங்கள் முதியவர்களின் முதல் முறைப்பாடு இதுதான். ஆறிய சொதியை இடியப்பத்தில் ஊற்றினால் யாருக்குச் சாப்பிட மனம் வரும்? உப்பும் உறைப்பும் இல்லை என்பது அடுத்த முறைப்பாடு. வயதாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகிவிடுகின்றன. இரத்த அழுத்தத்துக்காக உப்பையும் குறைத்தால் எல்லாக் கறியும் ஒரே சுவையாகிவிடும். வறுத்து இடித்த தூள், மிளகு, கறிவேப்பிலை, இறக்கிய பின் பிழிந்த தேசிக்காய் ஆகியவற்றைக் கொண்டு அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கலாம். மனம் வைத்துச் சமைக்கும் ஆள்தான் வேண்டும்.

பல் இல்லாதவர்களுக்குச் சோறு, கறி, கீரை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தனித்தனியே மசித்து வைக்கலாமே! எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் அதிகம் மெல்லாமல் விழுங்கக்கூடியவை நிறைய: சொதியில் ஊறிய இடியப்பம், உழுத்தங்களி, கீரைக்கடையல், முள் எடுத்து உதிர்த்த சுறா வறை. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம் வரை. ஒரு முட்டையில் கிடைப்பது ஏறத்தாழ 6 கிராம். சோற்றையும் ஒரு கரண்டிப் பருப்பையும் வைத்து அதை எட்ட முடியாது. வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாதவர்கள் பலர். அந்த நாட்களில் மீனை நிறுத்தினால் மட்டும் போதாது; பயறு, கடலை, தயிர் கூடுதலாக வர வேண்டும். சைவச் சட்டி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் நம்பிக்கை இல்லாவிட்டால் சிலர் கையே வைக்க மாட்டார்கள்.

இனி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒன்று. பெற்றோரின் திவசத்துக்கு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறீர்கள். உங்கள் நல்ல மனதை மதிக்கிறேன். ஆனால் வடை, பாயாசம், பொரியல் என்று பட்டியலை நீங்களே தீர்மானிக்கும்போது, சாப்பிடப்போகிறவரை யாரும் கேட்பதில்லை. படம் எடுத்து முடியும்வரை இலைக்கு முன்னால் அவர்களைக் காத்திருக்க வைப்பதை நான் கண்டிருக்கிறேன். சோறு ஆறிப்போகும், ஆனாலும் அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். இது தங்களுக்குக் கிடைக்கும் தானம் என்று நினைக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்ட பெண்ணுக்கு, இன்று என்ன கறி வைக்கலாம் என்று ஒருவர் வந்து கேட்பது எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமா? அதே காசை ஒரு கிழமைக்கான முட்டைக்கும் மீனுக்கும் பாலுக்கும் கொடுங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, யாருடைய உபயமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். சாப்பிட்டு முடிந்த தட்டுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அம்மா குத்தரிசிச் சோறா பச்சையரிசிச் சோறா சாப்பிடுவார், தேத்தண்ணீர் எப்படிக் குடிப்பார், எந்த விரதம் பிடிப்பார், எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைச் சமையற்காரரின் கையிலேயே கொடுங்கள்.