இடுப்புப் பந்து எலும்பு செத்துப்போனால் ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தருமா?

பந்து நொறுங்குவதற்கு முன்னால் என்றால் தரலாம். ஸ்டீராய்டு, குடி, எலும்பு முறிவு போன்றவற்றால் தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. சிகிச்சையில் உங்கள் இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல்கள் (புது எலும்புச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள்) உள்ள மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, மெஷினில் சுற்றிச் செறிவாக்கி, பந்துக்குள் துளை போட்டுச் செலுத்துவார்கள். (அந்தத் துளையே உள்ளழுத்தத்தைக் குறைக்கும் பழைய சிகிச்சைதான்.)

பிரான்ஸ் மருத்துவர் பிலிப் எர்னிகு 2002-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நொறுங்குமுன் செய்த 145 இடுப்புகளில் 9-க்குத்தான் அப்புறம் மூட்டு மாற்று தேவைப்பட்டது; நொறுங்கிய பின் செய்த 44-ல் 25-க்கு! பந்து ஏற்கெனவே தட்டையாகிவிட்டதென்றால் நான் இதற்குப் பணம் கட்டமாட்டேன். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, அதனால் எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள்.