ஆய்வேட்டுக்கு எந்த ஆங்கிலம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள்; இப்போது இளநிலை வேதியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். நொய்யல் கரையோரக் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதி வருகிறேன். முன்னுரையையும் முடிவுகளையும் படித்த வழிகாட்டிப் பேராசிரியர், "பேச்சுப் போட்டிக்கு எழுதியது போல இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இலக்கணத்தை அடியிலிருந்து படிக்க வேண்டுமா? நான் எழுதியதன் நகலை இணைத்துள்ளேன்.
– கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: வேண்டியதில்லை. தங்கள் பக்கங்களில் இலக்கணப் பிழைகள் சிலவே; அவையும் பெரும்பாலும் 'ஏ', 'தி' விடுபட்ட இடங்கள். ஆங்கிலம் அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே மூச்சில் திருத்திவிடலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. நீரின்றி உலகில்லை என்று தொடங்கி, நதிக்கரை நாகரிகங்களைத் தொட்டு, பேரூர்ப் பட்டீசுவரரையும் கும்பிட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் கிணற்றடிக்கு வந்து சேருகிறீர்கள். பள்ளிக் கட்டுரைக்கு இந்த நடை மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும். ஆய்வேட்டைப் படிப்பவரோ, இந்தப் பொருளில் இதுவரை என்ன தெரியும், எது தெரியவில்லை, இவர் செய்தது என்ன என்பதைத்தான் முதலில் தேடுவார்.

ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியல் அறிஞர், அவை பெரும்பாலும் மூன்று நகர்வுகளில் அமைவதாக 1990-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். களத்தை நிறுவுவது முதலாவது, அதில் உள்ள இடைவெளியைக் காட்டுவது இரண்டாவது, அந்த இடைவெளியில் தம் ஆய்வை நிறுத்துவது மூன்றாவது. தங்கள் பொருளில் முதல் நகர்வுக்குப் பஞ்சமே இல்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், இப்படுகையின் நிலத்தடி நீரைப் பற்றிய முந்தைய ஆய்வுகளும் ஐந்தாறு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

இரண்டாம் நகர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று தாங்கள் எழுதியிருப்பதை, தேர்வாளர் ஒரே ஒரு கட்டுரையை எடுத்துப் போட்டுத் தகர்த்துவிடலாம். "நான் படித்த ஆய்வுகளில் இவ்வூர்க் கிணறுகள் இடம்பெறவில்லை" என்பது தாங்கள் சரிபார்த்த அளவோடு நிற்கும் வாக்கியம். அதை எவராலும் அசைக்க முடியாது.

முடிவுகள் பகுதியிலும் இதே சிக்கல்தான். "டி.டி.எஸ். மிக மிக அதிகம், சாயப்பட்டறைகள் நிலத்தடி நீரை முற்றிலும் அழித்துவிட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு, ஆற்றை ஒட்டிய கிணற்றில் லிட்டருக்கு 2,300 மில்லிகிராம் என்று தங்கள் அட்டவணையே சொல்லும்போது 'மிக மிக' எதற்கு? குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 2,000-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் தங்கள் எண்ணை வைத்துவிட்டால், சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடும். இனி காரணத்துக்கு வருவோம். ஆற்றிலிருந்து விலகிய கிணறுகளில் அளவு குறைவது கழிவுநீரின் பங்கைச் சுட்டுகிறதே தவிர, அதை நிறுவிவிடவில்லை; பாறையின் தன்மை, வயலில் இட்ட உரம், கிணற்றின் ஆழம் ஆகியவற்றைத் தாங்கள் தனித்தனியே பிரித்து அளக்கவில்லை. ஆகவே 'ப்ரூவ்' என்ற வினையை விட்டு 'சஜஸ்ட்' என்பதைப் பயன்படுத்துங்கள். 'மே' என்ற துணைவினையைச் சேர்ப்பதற்கும் கூச்சப்பட வேண்டாம். மேடையில் இப்படிப் பேசினால் கைதட்டல் கிடைக்காதுதான். வாய்மொழித் தேர்விலோ இதுதான் தங்களைக் காப்பாற்றும்.

முன்னுரையை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டு, செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். செய்ததைச் செய்த வரிசையில், இறந்தகாலத்தில், 'சாம்பிள்ஸ் வேர் கலெக்டட்' என்ற போக்கில் எழுதினால் போதும் என்பதால் அதுவே எளிது. ஊருக்குச் சென்று, நீரை எடுத்து, வடிகட்டி, அளந்து என்று தமிழில் ஒரே மூச்சில் அடுக்குவதை ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களாக உடைத்துவிடுங்கள். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யுடிலைஸ்' என்று எழுதும் ஆசை நம் கல்லூரிகளில் ஏனோ விடவே மாட்டேனென்கிறது, தங்களிடமும் கண்டேன். இதோடு, தங்கள் துறையில் நல்ல கட்டுரைகள் இரண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைத் தமிழிலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ள 'அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்' தொகுப்பில் ஆய்வு நடைக்கான வாக்கியச் சட்டகங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் சொல்ல வேண்டியது இன்னதென்று முடிவான பிறகே அதைத் திறப்பது நல்லது.

கேள்வி: பிறர் கட்டுரையின் சொற்களை மாற்றி எழுதி, எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?
– ஆடை வடிவமைப்பு மாணவர், திருப்பூர்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை, நண்பர்கள் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் மென்பொருள் எண்ணுவது சொற்களை மட்டுமே. ஒருவர் கண்டறிந்ததை அவர் பெயரைக் குறிப்பிடாமல் எடுத்துக்கொண்டால், ஒற்றுமை பூச்சியமாக இருந்தாலும் அது திருட்டுதான். ஒரு பத்தியைப் படித்த பின் தாளை மூடிவிட்டு, அவர் என்ன கண்டார், எப்படிக் கண்டார் என்பதை நினைவிலிருந்து இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள்; பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அங்கேயே குறித்துவிடுங்கள். மூடிய தாளிலிருந்து எதுவும் எழுத வரவில்லையென்றால், அந்தப் பத்தி தங்களுக்கு இன்னும் புரியவில்லை. சொல் மாற்றும் வேலைக்குப் போகாமல் மீண்டும் படியுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் இளநிலை இறுதியாண்டு. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டால் ஆய்வேட்டை எழுதிவிடுவானா? அவனோ ஏ.ஐ. இருக்கும்போது வகுப்பு எதற்கு என்கிறான்.
– மஞ்சள் விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நேர்காணலுக்கு அந்த வகுப்பு உதவலாம், ஆய்வேட்டுக்காக அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். ஏ.ஐ. வாக்கியத்தைச் சீர்செய்து தரும். ஆனால் இல்லாத கட்டுரையை இருப்பதாகக் காட்டி மேற்கோள் கொடுத்துவிடுவதும் உண்டு என்பதால், அது தரும் ஒவ்வொரு மூலத்தையும் தம்பி தாமே திறந்து படித்தாக வேண்டும். கல்லூரி அதை எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்பதையும் வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். வீட்டில் தாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. எழுதிய பக்கத்தைத் தங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் திணறுகிறாரோ, அதை அவர் திரும்ப எழுதட்டும்.