பெண்களின் இதய நலத்துக்கும் மூளை நலத்துக்கும் விருது கொடுப்பதால் யாருக்கு என்ன பயன்?

கேள்வி: அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் பெண்களின் இதய நோய், பாரிசவாதம் (ஸ்ட்ரோக்), மூளை நலம் பற்றி ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் குரல் கொடுப்பவர்களுக்கும் தனியாக விருது கொடுக்கிறார்கள். இதனால் சாதாரணப் பெண்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா, இல்லை வெறும் மேடைக் கூத்தா?

மேடைக் கூத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மட்டக்களப்பில் இருப்பவர்கள் அப்படி நினைப்பதற்கு நியாயமும் இருக்கிறது. விருது விழா என்றால் எங்களுக்குப் பொன்னாடை, மாலை, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டம், மறுநாள் முகநூலில் நாற்பது படம். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சில நேரம் வாங்கியவருக்கே தெரியாது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் இப்படியொரு விருதுச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அதை மறுபடி தேடி எடுத்து வாசித்தது பெரியம்மாவால்.

2022 வைகாசி. எங்களுடையது களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு ஊர். கண்ணகியம்மன் சடங்கு முடிந்து, கடைசியில் அம்மனைக் குளிர்விக்கிற குளுர்த்தியும் பாடி, ஊரே தூங்கி வழிந்துகொண்டிருந்த நாள். பெரியம்மாவுக்கு அப்போது 56 வயது. ஒரு கிழமையாக அரிசி இடிப்பதும் பொங்குவதும் வந்த சனத்துக்குச் சமைப்பதுமாக நின்றவர். பின்னேரம் திண்ணையில் சாய்ந்தபடி தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். முதுகில் ஊமை நோ, வயிற்றைப் பிரட்டுகிறது, வேர்வை. கேட்டால், "ஒண்டுமில்ல மனே, வாய்வு. குளுர்த்திக் களைப்பு" என்றார். இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தார். இரவு பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம். "நெஞ்சு நோகுதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். காஸ்ரைட்டிஸ் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடிய எழுந்து அடுப்படிக்குப் போக முடியவில்லை. பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலம் அது. அயல் வீட்டு ஓட்டோவில் ஒரு ஓட்டத்துக்கு மட்டும் எண்ணெய் இருந்தது, அது எங்களுடைய அதிர்ஷ்டம். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து, இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனினையும் பார்த்து, மாரடைப்பு என்றார்கள். வந்து பல மணி நேரமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். உயிர் தப்பினார். ஆனால் இதயம் முன்பு போலப் பம்ப் பண்ணுவதில்லை. இப்போது கிணற்றடியிலிருந்து வாளி தூக்கினாலே மூச்சு வாங்கும்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அதற்கு நாலு வருடம் முன்னர் பெரியப்பா ஒரு கலியாண வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஹார்ட் அட்டாக்!" என்று முழுச் சபையும் எழும்பிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. அவருக்கு வந்தது வாய்வு. மாட்டிறைச்சிக் கறி.

அதே வீடு, அதே சனம். ஆணுக்கு வந்த வாய்வை மாரடைப்பு என்றோம், பெண்ணுக்கு வந்த மாரடைப்பை வாய்வு என்றோம். பெரியம்மாவைப் பார்க்க வார்டுக்கு வெளியே காத்திருந்த நேரத்தில்தான் மச்சாள் அனுப்பியதைத் திறந்தேன். அங்கிருந்து ஒன்றைப் பிடித்து ஒன்றாக வாசித்ததில், எங்களுக்கு நடந்ததற்கு ஏற்கனவே ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. 1991இல் பேர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் 'யென்டில் சிண்ட்ரோம்' என்று எழுதினார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்குத் தலைவராக வந்த முதல் பெண் அவர்தான். யென்டில் என்பது படிப்பதற்காக ஆண்வேடம் போட்ட ஒரு கதைநாயகி. ஆணுக்கு வருவது போலவே தனக்கும் கடுமையாக வந்திருக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் பெண்ணுக்கும் ஆணுக்குச் செய்கிற வைத்தியம் கிடைக்கிறது என்பது ஹீலியின் வாதம். பெரியம்மாவும் விடிந்த பிறகுதான் நிரூபித்தார்.

விருதுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 'விமன்ஹார்ட்' என்று ஒரு அமைப்பு. நாற்பதுகளில் மாரடைப்பு வந்து, சரியாக நோயறியப்படாமல் அலைந்த மூன்று பெண்கள் சேர்ந்து 1999இல் தொடங்கியது. அவர்கள் கொடுக்கிற விருதுக்கு நனெட் வெங்கர் என்ற மருத்துவரின் பெயர். 1930இல் பிறந்தவர், 1954இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் காலம் முழுவதும் வேலை செய்தவர். இதய நோய் ஆண்களின் வருத்தம் என்று பாடப்புத்தகமே நம்பிய காலத்தில், பெண்களை ஆராய்ச்சியில் ஏன் சேர்க்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டவர். 1993இல் பெண்களின் இதய நோய் பற்றி அவரும் இன்னும் இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு திருப்பம்.

அந்தக் கேள்வி சும்மா சண்டைக்குக் கேட்ட கேள்வி அல்ல. அஸ்பிரினைப் பாருங்கள். சுகதேகிகள் அஸ்பிரின் குடித்தால் மாரடைப்பு குறையுமா என்று அமெரிக்காவில் 22,071 டொக்டர்மாரை வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பேரும் ஆண்கள். முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. பிறகு 39,876 பெண்களை வைத்துப் பத்து வருடம் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவு வேறு மாதிரி: மொத்தமாக எடுத்தால் பெண்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, பாரிசவாதம் 17 சதவீதம் குறைந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிவது கூடியது. அதே குளிசைதான். ஆணுக்கு இதயத்தில் தெரிந்த பலன் பெண்ணுக்கு மூளையில் தெரிந்தது. பெண்களைத் தனியாகப் பார்க்காமல் விட்டிருந்தால் ஆண்களின் கணக்கையே எங்களுக்கும் எழுதித் தந்திருப்பார்கள். (இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக அஸ்பிரின் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். இது வருத்தம் வராதவர்களிடம் செய்த ஆய்வு. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு டொக்டர் எழுதித் தருவது வேறு கதை.)

இதயத்தையும் மூளையையும் ஏன் ஒரே விருதில் போடுகிறார்கள் என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. இரண்டுக்கும் போகிற இரத்தக் குழாய்களைக் கெடுப்பது அதே பிரசர், அதே சீனி வருத்தம், அதே புகைதான். இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பினால் உள்ளே கட்டி உறைந்த இரத்தம் மூளைக்குப் போய் அடைக்கிறது. திரும்பிய பக்கமும் உண்டு: கடும் துயரமோ அதிர்ச்சியோ வந்தால் இதயம் ஒரு பக்கம் ஊதி, மாரடைப்பு மாதிரியே காட்டும். 1990இல் ஜப்பானில் இதை எழுதியவர்கள், அந்த வடிவத்தைப் பார்த்து ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயரை வைத்தார்கள், டக்கோட்சுபோ என்று. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் வருகிறது. "மனம் உடைஞ்சு நெஞ்சு அடைச்சிட்டு" என்று எங்கள் கிழவிகள் சொல்வதை நான் வெறும் பேச்சாகவே எடுத்திருந்தேன்.

சரி, இதெல்லாம் அறிவு. சாதாரணப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதுதானே கேள்வி. எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

இந்த விருதுகளில் நான் வாசிப்பது பெயரை அல்ல, 'எதற்காக' என்று பெயருக்குக் கீழே இருக்கிற இரண்டு வரியை. அப்படி வாசித்துக்கொண்டு போனபோது கர்ப்பகாலப் பிரசர் என்ற விஷயம் அடிக்கடி வந்தது. கர்ப்பத்தில் பிரசர் கூடி, சிறுநீரில் புரதமும் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாரிசவாதத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2011இல் அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பெண்களுக்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்தது. 2011! எனக்கு மூத்தவன் பிறந்தது 2009இல். எட்டாம் மாதம் பிரசர் 160/100 என்று மறித்து வைத்து, ஒப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு பிரசர் இறங்கிவிட்டது. எல்லாரும் மறந்துவிட்டோம். பிள்ளைப்பேற்றுக் கதை சொல்லும்போது மட்டும் வரும், "இவனால நான் பட்ட பாடு" என்று.

அலுமாரியில் அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு, அப்போது வைத்தியசாலையில் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்ட் இன்னும் இருந்தது. எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனேன். 1996 முதல் இலங்கையில் நடக்கிற இலவசக் கிளினிக் அது. கர்ப்பப்பைப் பரிசோதனை என்ற பெயரைக் கேட்டே எங்கள் பெண்கள் பாதிப்பேர் வெட்கப்பட்டு வருவதில்லை. ஆனால் அங்கே பிரசரும் சீனியும் பார்ப்பார்கள். மிட்வைஃப் மிஸ் பட்டியைக் கையில் சுற்றி, பார்த்து, மறுபடி சுற்றினார். 148/96. எனக்கு 42 வயது, தலையிடி கூட இல்லை. கார்டைக் காட்டினேன். "இதை வச்சிருந்தது நல்லம்" என்றார். இப்போது ஒரு சின்னக் குளிசை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், கருவாட்டுக்குக் கட்டுப்பாடு. கருவாட்டைத்தான் இன்னும் முழுதாக விட முடியவில்லை.

அட்லாண்டாவில் ஒருவர் கேட்ட கேள்வி என் அலுமாரி வரை வருவதற்கு இவ்வளவு காலம் எடுத்தது. விருது இல்லாவிட்டால் மச்சாள் அனுப்ப ஒரு செய்தி இருந்திருக்காது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

குறையும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிற விருது அவர்கள் வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அடுத்த ஆய்வுக்குப் பணம் கிடைக்க அது உதவும், அதுவும் தேவைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது நோய் வந்த பெண்களையே மேடையேற்றுவது. எனக்கு வந்தது, நான் சொன்னதை நம்பவில்லை, நானும் என்னை நம்பவில்லை என்று சபையில் சொல்கிற பெண்ணுக்கு மரியாதை செய்கிறார்கள் பாருங்கள், அது எங்களிடம் இல்லவே இல்லை.

எங்களிடம் நடப்பது வேறு. வார்டிலிருந்து வந்த பெரியம்மா தன் குளிசைகளைப் பால்மா டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கடைசி மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். "தாய்க்கு நெஞ்சு வருத்தமெண்டால் மாப்பிள்ள வீட்டார் யோசிப்பாங்க" என்று. கிளினிக்குக்குப் போகும் நாளில் "சந்தைக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போவார். வெறும் பையோடு திரும்பி வந்தால் அயலில் கேட்பார்களே என்று திரும்பும்போது ஒரு கட்டுக் கீரை. பெரியப்பாவோ தனக்கு வராத மாரடைப்பை இன்றைக்கும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மகளின் கலியாணம் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் மாதர் சங்கக் கூட்டத்தில், கடன் கணக்கெல்லாம் பேசி முடித்து தேத்தண்ணி வந்த நேரம், முன்வீட்டு அக்கா தாடை உளைகிறது, இரண்டு நாளாகச் சாப்பிட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "பல்லெண்டு நினையாத புள்ள. எனக்கும் தாடையிலதான் துவங்கின. அது ஹார்ட் அட்டாக்." சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எப்போது, எப்படி, ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்க, குளுர்த்தி நாளிலிருந்து முழுக்கதையையும் சொன்னார். தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்த அக்காவை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுத்தோம். அவருக்குப் பல்தான். பிடுங்கியாயிற்று.