இசைக்குழுவில் வாசித்து வரும் காசுக்கு வரி உண்டா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சின்ன இசைக்குழு ஒன்று நடத்துகிறேன். கீபோர்ட்டும் நானே வாசிக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வரும் காசு முழுவதும் என் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. வரி கட்ட வேண்டுமா?

நானும் குழு நடத்துகிறவன்தான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் கணக்குக்கு வருவதெல்லாம் உங்கள் வருமானம் இல்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

2025 ஏப்ரலில் இருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 என்று ஏறி 36 வீதத்தில் நிற்கும். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை.

ஒரு நிகழ்ச்சிக்கு 1,20,000 ரூபா, வருடத்துக்கு 30 நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் விழுவது 36 இலட்சம். பாடுபவர்கள், பேஸ் கிற்றார், தாளத்துக்குப் பாட் வாசிப்பவர், சவுண்ட்காரர், வான் கூலி எல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது 10 இலட்சம்தான் என்றால் வரியே வராது. கொடுத்ததற்கு ஒரு துண்டும் இல்லாமல் 36 இலட்சமும் உங்கள் தலையில் விழுந்தால் வரி 2,22,000 ரூபா!

ஆகவே ஒரு கொப்பி போடுங்கள். திகதி, மண்டபம், வந்த காசு, யாருக்கு எவ்வளவு, அவருடைய கையெழுத்து. வாசித்து முடிந்த இரவே வானுக்குள் வைத்து வாங்கிவிட வேண்டும். ஒரு வருடம் நான் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டுவிட்டு, மார்ச் மாதம் கையெழுத்துக்கு அலைந்தேன். அதற்குள் ஒருவர் கனடாவுக்கே போய்விட்டார்.

கீபோர்ட் வாங்கிய காசை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. 3 இலட்சத்துக்கு வாங்கினால் வருடத்துக்கு 60,000 வீதம் 5 வருடங்களில் கழிக்கலாம். கடைப் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மேடையில் தரும் அன்பளிப்பும் வருமானம்தான். அதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர் என்றால் கதை வேறு. இரண்டு வருமானமும் சேரும், 18 இலட்சம் இரண்டுக்கும் ஒன்றுதான். சம்பளம் 9.6 இலட்சம், நிகழ்ச்சியில் மிஞ்சியது 12 இலட்சம் என்றால் மேலதிகமான 3.6 இலட்சத்துக்கு 6 வீதம், 21,600 ரூபா.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் விழாவில் 5 வீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். சான்றிதழ் கேட்டு மூன்று தரம் போனேன். பிடித்தால் சான்றிதழ் இல்லாமல் திரும்பாதீர்கள், அது நீங்கள் முன்கூட்டிக் கட்டிய வரி. டிக்கெட் போட்ட நிகழ்ச்சிக்கு உள்ளூராட்சி சபை கேட்கும் களியாட்ட வரி ஏற்பாட்டாளருடைய பாடு.

டின் இலக்கம், அதாவது வரி செலுத்துபவருக்கான அடையாள இலக்கம், இல்லையென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முதலில் அதை எடுங்கள். ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டைக் கொடுக்க வேண்டும். வரி வரும் என்று தெரிந்தால் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களில் 15ஆம் திகதிக்குள் தவணையாகக் கட்ட வேண்டும். முதல் தவணை சரியாக ஆடிக் கடைசியில் வந்து நிற்கும், அப்போது கலியாணமும் இல்லை, கையில் காசும் இல்லை. நான் ஆனிக் கலியாணக் காசிலேயே அதை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுவேன்.