உதிரும் முடிக்கு மூன்று புட்டித் தைலமா?

கேள்வி: எனக்குப் பிரசவமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஒரு மாதமாகச் சீப்பை வைத்தாலே முடி கொத்துக் கொத்தாக வருகிறது. ஊட்டியில் சாலையோரக் கடை ஒன்றில் ‘நூற்றெட்டு மூலிகை ஆதிவாசித் தைலம்’ ஒரு புட்டி வாங்கினேன். மூன்று புட்டிகள் தொடர்ந்து தேய்த்தால் உதிர்வது நின்று புதுமுடி முளைக்கும் என்றார் கடைக்காரர். மற்ற இரண்டையும் வாங்கலாமா? மூத்த மகளுக்கு மூன்று வயது. சளி பிடித்தால் சர்க்கரையில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டுக் கொடுக்கிறோம். எங்கள் மலையில் இது வழக்கம்தான். முன்னோர் கண்ட மூலிகைகளை விட்டுவிட்டு, எதற்கெடுத்தாலும் டாக்டரிடம் போங்கள் என்றே உங்கள் இதழ் எழுதுவது ஏன்?
— கோத்தகிரி வாசகி

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தச் சர்க்கரை விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் முடி காத்திருக்கும், குழந்தை காத்திருக்க முடியாது. யூகலிப்டஸ் தைலத்தை மூன்று வயதுக் குழந்தையின் வாய்க்குள் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவை விழுங்கிய சிறு குழந்தைகள் மயங்கி விழுந்ததும், அவர்களுக்கு வலிப்பு வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இரண்டு சொட்டு அந்த அளவை எட்டாது என்பீர்கள். ஆனால், இனிப்போடு சேர்த்துக் கொடுத்துப் பழக்கிய புட்டியை நீங்கள் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தையே திறந்தால் சொட்டை எண்ணுவது யார்? அப்படி விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மலைக் கடைகளில் அதே அலமாரியில் நிற்கும் வின்டர்கிரீன் தைலம் இதைவிடக் கொடியது. அதில் ஒரு தேக்கரண்டியில் இருக்கும் சாலிசிலேட், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். மூட்டு வலிக்கு மேலே தடவப்படும் பொருள் அது. குழந்தைகளின் கை எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

முன்னோர் கண்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், 1843-இல்தான் நீலகிரிக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் மரம் அது. விறகுத் தேவைக்காக மலையெங்கும் நடப்பட்டது. நம் மண்ணில் வளர்கிறது என்பதாலேயே அதன் எண்ணெய் குழந்தைக்குப் பாட்டி கொடுத்த மருந்தாகிவிடாது. சளிக்குக் குழந்தைக்கு வேண்டியது வெதுவெதுப்பான நீரும், ஓய்வும், மூச்சு வாங்குகிறதா என்று கவனிக்கும் கண்களும்தான். ஆவி பிடிக்கிறோம் என்று கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் அவளைக் குனிய வைக்கவும் வேண்டாம், ஏனெனில் அந்த நீர் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் ஏராளம்.

இனி உங்கள் முடியைப் பார்ப்போம். தலையிலுள்ள முடிகளில் சுமார் 85 முதல் 90 விழுக்காடு எப்போதும் வளரும் நிலையிலும், எஞ்சியவை ஓய்வு நிலையிலும் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி இரண்டு மூன்று மாதங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்து பிறகு உதிரும். கருவுற்ற காலத்தில் உடலில் கூடும் ஹார்மோன்கள் முடியை வளரும் நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றன. பிரசவத்துக்குப் பின் அவை சட்டென்று குறையும்போது, அதுவரை உதிராமல் இருந்த முடியெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதங்கள் கழித்துக் கொத்தாக விழத் தொடங்குகிறது. கடுங்காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடலை இளைக்க வைப்பது ஆகியவற்றுக்குப் பிறகும் இதே கணக்கில்தான் முடி உதிரும். பிரசவத்தால் வந்தது பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது.

கடைக்காரரின் மூன்று புட்டிக் கணக்கு எங்கே பலிக்கிறது என்று இப்போது பாருங்கள். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒரு பெண் பயந்துபோய்த் தைலம் வாங்குகிறாள். ஒரு புட்டியைத் தீர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்று புட்டிகளும் தீர்வதற்குள் உதிர்வு தானாக அடங்கிவிடுகிறது. ஓய்விலிருந்து விழித்த வேர்கள் நெற்றியோரத்தில் குட்டை முடிகளையும் விடுகின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த இந்தக் கதையில் முழுப் பெருமையும் தைலத்துக்குப் போகிறது. அந்தப் பெண்ணே அதை மற்ற நான்கு பெண்களுக்குச் சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, தன் தலையில் நடந்ததைத்தான் சொல்கிறாள். இந்த வியாபாரம் நிலைத்து நிற்பதன் காரணமும் அதுவே என்பதால்தான் எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது.

தலைக்கு மேல் தெரியும் முடி உயிரற்ற புரதம். அதற்கு எண்ணெய் பூசுவதில் பயன் இல்லாமல் இல்லை. தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஓரளவு ஊடுருவி, தலைக்குக் குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. முடி உரசி ஒடிவதும் குறைகிறது. அதற்குக் குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு தேய்த்தால் போதும். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுவதும் எண்ணெயை ஊற விடுவது நல்லதல்ல, ஏனெனில் பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை எண்ணெய்ப் பசையை உண்டுதான் பெருகுகிறது. கரிசலாங்கண்ணியும் நெல்லிக்காயும் போட்டுக் காய்ச்சினால் எண்ணெயின் நிறமும் மணமும் மாறும் என்பது உண்மைதான், ஆனால் நெல்லியின் பெருஞ்செல்வமான வைட்டமின் சி நீரில் கரைவது, எண்ணெயில் இறங்காது.

அந்த நெல்லிக்காயைத் தின்னுங்கள் என்பதே என் பதிலின் மையம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவு முடி உதிர்வதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரசவத்தில் இரத்தம் இழந்து, இப்போது பாலும் கொடுக்கும் உங்களுக்கு அது இருக்க வாய்ப்பு அதிகம். நீலகிரிக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. குளிருக்கு இதமாகச் சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் குடிக்கும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுப்பது தேயிலையின் துவர்ப்புச் சத்து. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்; முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள், அதன் வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள்களுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை, வயிறு மந்தமாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தியிருந்தால் செவிலியரிடம் சொல்லி மீண்டும் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். கூடவே தைராய்டையும் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஏனெனில் பிரசவத்துக்குப் பின் அது தடுமாறுவது உண்டு. டாக்டரிடம் போங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது இதற்காகத்தான். காரணம் இரத்தத்தில் இருக்கும்போது தலையில் எதைத் தேய்த்தாலும் அது அங்கே போய்ச் சேராது.

மூலிகை மீது எங்களுக்குப் பகை என்று எண்ண வேண்டாம். சீயக்காயைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுத எனக்கு ஆசைதான். மலைச்சரிவுக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் முட்கொடி அது. நீலகிரியில் இருளரும் குறும்பரும், பழனி மலையில் பளியரும் அதன் காய்களைச் சேகரித்துக் கொண்டுவருகிறார்கள். அதிலுள்ள சபோனின் என்ற நுரைப்பொருள், அழுக்கையும் மிகை எண்ணெயையும் முடியை வறட்டாமல் எடுத்துவிடுகிறது. பொட்டலத் தூளை வாங்காமல் காயாகவே வாங்குங்கள், அதில் கலப்படம் செய்வது எளிதல்ல. கையில் எடுத்துக் குலுக்கினால் விதை உள்ளே கலகலக்க வேண்டும், ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, வீட்டில் பூசணம் பிடித்துவிடும். ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறும் நூறு கிராம் வெந்தயமும் நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலையும் சேர்த்து, சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் உள்ள மில்லில் அரையுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த தூள் படுத்தும் பாட்டைத் தலையும் கண்களும் மறக்கமாட்டா. வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். உறைபனிக் காலத்தில் கொதிக்கக் கொதிக்கத் தலையில் ஊற்றிக்கொள்வது சுகமாக இருந்தாலும், தலைத்தோல் வறண்டு அரிப்பெடுப்பதற்கு அதுவும் காரணம். ஈரம் உலராத முடியை முடிந்து குல்லாவுக்குள் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சீயக்காய் முடியைச் சுத்தம் செய்யும். அவ்வளவுதான், முளைக்க வைக்கும் என்று அதைச் சேகரிக்கும் பளியர் எவரும் என்னிடம் சொன்னதில்லை. இருளர் படத்தைப் புட்டியில் ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது மலைச்சரக்காகிவிடாது. வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக்கூடாது என்பது 1945-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் வாங்கிய புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை அச்சாகியிருக்கின்றனவா? நூற்றெட்டு மூலிகை என்ற எண்ணிக்கை மட்டும் இருந்து பெயர்கள் இல்லையென்றால் அதைத் தலையில் வைக்காதீர்கள்; பால் குடிக்கும் குழந்தையின் முகம் உங்கள் தலைமுடியில் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

மற்ற இரண்டு புட்டிகளையும் வாங்க வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் உதிர்வு குறையாவிட்டாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். வட்டச் சொட்டை புழுவெட்டாக இருந்தால், பூண்டை அரைத்து அங்கே தேய்க்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுப் புண்ணாக்கும்.