அண்ணாச்சியிடம் கேளுங்கள்: ஏர்போர்ட்டில் ஒரு ராத்திரி

போன இதழில் மெல்போர்ன் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதன் விளைவு, இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஏர்போர்ட்டைப் பற்றியே. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் ஓட்டியவனிடம் விமானத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. காசு செலவழிக்காமல் ராத்திரியைக் கழிப்பது மணியாச்சி ஜங்ஷனில் படித்த பாடம்தான்.

*கேள்வி: எனக்கு 63 வயது. மெல்போர்னில் மகளுக்குப் பிரசவம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக மலிவாக டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் ராத்திரி பதினோரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனியாகத்தான் போகிறேன். ஓட்டலில் தங்கும் அளவுக்கு வசதி இல்லை. சமாளித்துவிடுவேனா அண்ணாச்சி?*
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்பாசமுத்திரம்

சமாளிப்பீர்கள் டீச்சர். "பார்த்து வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்னும் வாங்கவில்லை. நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். திருச்சி–கோலாலம்பூர், கோலாலம்பூர்–மெல்போர்ன் இரண்டும் ஒரே புக்கிங்கா, தனித்தனியா? ஒரே புக்கிங்கில் இணைப்பு விமானமாக இருந்தால் உங்கள் பெட்டி நேராக மெல்போர்ன் போய்விடும். நீங்கள் இமிக்ரேஷன் கதவைத் தாண்டாமல் உள்பக்கமே இருக்கலாம். கைப்பையோடு ஒரு மூலையைப் பிடித்தால் போதும். தனித்தனியாக வாங்கினால் கதை வேறு. வரிசையில் நின்று மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, மறுபடி செக்-இன் திறக்கும்வரை வெளிப்பக்கம் காவல் காக்க வேண்டும். பாத்ரூம் போவதென்றாலும் பெட்டியை யாரிடம் விடுவது? தனியாகப் போகிறவருக்கு இதுதான் பெரிய கஷ்டம். இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் ஆயிரம், இரண்டாயிரம் குறையலாம். உங்கள் வயதில் அது மிச்சமே இல்லை. இன்னொன்று, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால், தனி டிக்கெட்காரரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வெளிப்பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது என்றால் விசாவுக்குப் பயப்பட வேண்டாம். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா அனுமதிக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை உண்டு. ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கிற வெப்சைட் இருந்தால் அது ஏமாற்று வேலை.

அந்த ஏர்போர்ட்டில் இரண்டு டெர்மினல்கள், நடந்து போகிற தூரமில்லை. இரண்டுக்கும் நடுவே ரயில் உண்டு, மூன்று நிமிஷம், இரண்டு ரிங்கிட். இரண்டு விமானமும் ஒரே டெர்மினலா என்று டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். மலிவு விமானங்கள் பெரும்பாலும் இரண்டாம் டெர்மினல். அதை ஒட்டியே பெரிய வணிக வளாகம், அதற்குள் சாப்பாட்டுக் கடைகள். ரொட்டி சனாய் என்று எழுதியிருக்கும், நம் பரோட்டாவுக்குச் சித்தப்பா மகன். தே தாரிக் என்றால் ஆற்றிக் கொடுக்கும் டீ. செங்கோட்டை பார்டர் பரோட்டாவை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். அதே வளாகத்தில் கேப்சூல் அறைகள் உண்டு. ஆள் நீட்டிப் படுக்க மட்டும் இடம். மூன்று, ஆறு, பன்னிரண்டு மணிக் கணக்கில் வாடகை. நாள் வாடகைக்கு ஓட்டல் எடுப்பதைவிட இது மலிவு. இடுப்பு வலி உள்ளவராக இருந்தால் மூன்று மணி நேரத்துக்காவது எடுத்துவிடுங்கள். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

உள்பக்கம் இருந்தால் செலவே இல்லாமல் முடிக்கலாம். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை மறுநாள் வரை கெடாது. எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி இன்னும் நல்லது. தேங்காய்ச் சட்னி, ஊறுகாய் எல்லாம் வேண்டாம். கையிலும் பெட்டியிலும் கொப்பரைத் தேங்காய் வைக்கவே கூடாது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் தடை செய்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய், செக்யூரிட்டி தாண்டியதும் நிரப்பிக்கொள்ளுங்கள். மீந்த சாப்பாட்டை மெல்போர்ன் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் சாப்பாட்டு விஷயத்தில் மாமியாரைவிடக் கண்டிப்பு. மகளுக்குக் கொண்டுபோகும் அல்வா, பிரசவ மருந்துப்பொடி எல்லாவற்றையும் ஆஸ்திரேலிய வருகை அட்டையில் "இருக்கிறது" என்று எழுதிவிடுங்கள். சொல்லிவிட்டால் மிஞ்சிப்போனால் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதம்.

குளிர் ஒன்றுதான் நிஜமான எதிரி. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஏ.சி. எலும்பில் ஏறும். சால்வை, சாக்ஸ், காதை மூடும் துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. ஆள் நடமாட்டம் இருக்கிற இடமாக, குழந்தைகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிற வரிசையாகப் பார்த்து உட்காருங்கள். பையைத் தலைக்கு வைப்பதோடு நிறுத்தாமல் அதன் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் ஆண்களுக்குப் பட்டாப்பட்டி டிராயரில் பை இருந்தது. அதைவிடப் பத்திரமான லாக்கரை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

அப்புறம் அலாரம். இதில் நானே அடிபட்டவன். முதல் தடவை நானும் என் மனைவியும் அதே கோலாலம்பூரில் படுத்தோம். காலை எட்டே காலுக்கு விமானம். ஐந்தரைக்கு அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். போன் எந்த நெட்வொர்க்கிலும் சேரவில்லை, அதனால் இந்திய நேரத்திலேயே இருந்திருக்கிறது. மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். என் ஐந்தரை அங்கே எட்டு! தரை துடைக்க வந்த ஒரு தமிழ் அம்மாள்தான் "ஐயா, எந்த ஃபிளைட்டு?" என்று ஏழு மணிக்குத் தட்டி எழுப்பினார். ஓடினோம். எத்தனையோ பேரைக் கோவில்பட்டியில் இறங்கச் சொல்லித் தட்டி எழுப்பியவன் நான். வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். வைஃபை கிடைத்தவுடன் போனில் மணி மாறியதா என்று சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பகல் நேரக் காத்திருப்பாக இருந்தால் போகச் சொல்லியிருப்பேன். ராத்திரியில் நகரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், 272 படி ஏறி, திரும்பி வந்து விமானம் பிடிப்பதெல்லாம் வேண்டாம் டீச்சர். பேரப்பிள்ளையோடு திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

*கேள்வி: முதல்முறையாக துபாய்க்கு வேலைக்குப் போகிறேன். சென்னையில் மறுநாள் மதியம் விமானம். முந்தின நாள் சாயங்காலம் தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டிலிருந்து சென்னைக்கு ஃபிளைட் போட்டுத் தரட்டுமா என்று ஏஜென்ட் கேட்கிறார். ராத்திரி சென்னை ஏர்போர்ட்டிலேயே படுத்துக்கொள்ள முடியுமா?*
– கடையநல்லூர் இளைஞர்

தம்பி, கடன் வாங்கித்தானே போகிறாய்? அந்த ஃபிளைட் உனக்கு எதற்கு?

உள்நாட்டு விமானத்தில் வந்து இறங்கினால் நேராக வாசலுக்கு வெளியே வந்துவிடுவாய். வெளிநாட்டு டெர்மினலுக்குள் அத்தனை மணி நேரம் முன்னால் விடமாட்டார்கள். வாசலில் டிக்கெட்டைப் பார்க்கிற மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரரிடம் கெஞ்சிப் பயனில்லை. ராத்திரி முழுக்க வெளியே பெட்டியோடும் கொசுவோடும் கிடக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த் போடு. ராத்திரியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, டிக்கெட்டிலேயே படுக்கையும் வந்துவிடுகிறது. எழும்பூர் வரை போகாதே. காலையில் தாம்பரத்தில் இறங்கி லோக்கல் ரயில் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே ஏர்போர்ட். நான் ரயில்காரன் என்பதால் சொல்லவில்லை. ஆனால் ரயில்காரன் என்பதாலேயே இதையும் சொல்ல வேண்டும்: ரயில் மூன்று மணி நேரம் தாமதமாகும் நாளும் உண்டு. உன் விமானம் மதியம் என்பதால்தான் இந்த யோசனை. காலை பத்து மணி விமானமென்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடு. அன்று ராத்திரிக்கு ரயில்வேயின் ஓய்வறையைப் பார். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் அந்த பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யில் பதிவு செய்யலாம். டார்மிட்டரி படுக்கை கிடைத்தால் லாட்ஜைவிட மலிவு. எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் போய் மாறினால் ஏர்போர்ட் வாசலிலேயே இறங்கலாம்.

சென்னை ஏர்போர்ட்டில் டீ குடிக்க ஆசைப்பட்டால், உள்நாட்டு டெர்மினலில் உடான் யாத்ரி கஃபே என்று 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் 10, காபி 20, சமோசா 20. மற்ற கடைகளில் விலைப் பலகையைப் படித்துவிட்டு வாயைத் திற.

*கேள்வி: சென்னையிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் காலை ஐந்தரைக்குத்தான் கிளம்பியது. கைக்குழந்தையோடு நாற்காலியில் கிடந்தோம். ஒரு சாண்ட்விச் கொடுத்தார்கள். வேறு ஏதாவது கேட்டிருக்கலாமா?*
– தூத்துக்குடி வாசகி

கேட்டிருக்கலாம் தங்கச்சி, உரிமையோடு கேட்டிருக்கலாம். இது நாமாகத் தேர்ந்தெடுத்த காத்திருப்பு இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ராத்திரி 8 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் அறை தர வேண்டும். போய்வர வண்டியும் அவர்கள் பொறுப்பு. உங்களுக்கு எட்டு மணி நேரம். சாப்பாடு இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும், இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற விமானம் என்றால். மழை, மூடுபனி மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணமென்றால் இந்த விதி அவர்களைக் கட்டுப்படுத்தாமல் போகலாம், அது வேறு விஷயம்.

கவுன்டரில் சத்தம் போடுவதைவிட, "விதிப்படி அறை வேண்டும், இல்லையென்றால் முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்று மெதுவாகச் சொல்வது வேலை செய்யும். ரயிலில் என்னிடம் கத்தியவர்களைவிட எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் நான் பயந்திருக்கிறேன். போர்டிங் பாஸ், தாமதம் என்று வந்த மெசேஜ் இரண்டையும் வைத்திருந்தால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் இப்போதும் புகார் கொடுக்கலாம்.

*கேள்வி: சிங்கப்பூர் சாங்கியில் எட்டு மணி நேரம். அந்தப் பெரிய அருவியை இலவசமாகப் பார்க்கலாமாமே?*
– பாளையங்கோட்டை மாணவர்

அருவி இருப்பது ஜூவல் கட்டடத்தில். 40 மீட்டர் உயரம், பார்க்கக் காசு இல்லை. ஆனால் அது இமிக்ரேஷனுக்கு வெளிப்பக்கம், நமக்கு விசா வேண்டும். மறுபடியும் அதே கதவுதான்! விசா இல்லையென்றால் உள்பக்கமே சுற்று. மூன்றாம் டெர்மினலில் பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும் உண்டு. சாய்ந்து தூங்கும் இருக்கைகளுக்குப் போட்டி அதிகம், பத்து மணிக்கே போய்ப் பிடித்துவிடு. அருவி பார்க்கத்தான் ஆசையென்றால் சாரல் சமயத்தில் குற்றாலம் போய் நில். குளிக்கவும் விடுவார்கள்.

*கேள்வி: ஏர்போர்ட்டில் விரித்துப் படுக்கப் பத்தமடைப் பாய் கொண்டுபோகலாமா? கிண்டலாகக் கேட்கவில்லை.*
– சேரன்மகாதேவி வாசகர்

நான் கொண்டுபோயிருக்கிறேன். சாதாரணக் கோரைப்பாய் மடித்தால் ஒடியும், உருட்டினால் கைப்பைக்குள் அடங்காது. மெல்லிய கோரையில் நெய்த பட்டுப்பாய் துணி மாதிரி மடியும், ஆனால் விலை அதிகம். தரையில் படுக்க அதை வாங்குகிறவன் முட்டாள். ஒரு கைலியும் துண்டும் போதும்.

நான் கொண்டுபோனது மகளுக்குக் கொடுப்பதற்காக. அவளுடைய கல்யாணப் பாய், அவள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்டு நெய்தது. வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். கோலாலம்பூரில் இடுப்பு தாங்காமல் அதை விரித்துப் படுத்துவிட்டோம். மெல்போர்னில் அட்டையில் பாயையும் எழுதினேன், புல்லில் செய்தது என்பதால். அதிகாரி விரித்துக் காட்டச் சொன்னார். விதை, பூச்சி இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அந்த எழுத்து என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே மடிக்க உதவினார். மகள் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். மதியம் ஒரு கண் தூங்க இறக்கித் தா என்றால் தரமாட்டேன் என்கிறாள்.