ஊருக்குப் போகும்போது கோழிகளை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: குரோம்பேட்டையில் தனி வீட்டில் குடியிருக்கிறோம். கொல்லையில் ஏழு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. மே மாதம் உறவினர் திருமணத்துக்காகக் குடும்பத்தோடு 10 நாள் திருநெல்வேலி செல்லவேண்டியிருக்கிறது. பெரிய பாத்திரங்களில் தீவனமும் தண்ணீரும் நிறைய வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவை இரண்டு நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னால் போதுமா? அல்லது செங்கல்பட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் விட்டுவிடலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: இரண்டு நாளுக்கு ஒருமுறை போதாது, காலையும் மாலையும் ஒருவர் வந்தே ஆகவேண்டும். தீவனத்தைவிட முக்கியமானது, பொழுது சாய்ந்ததும் கூண்டுக் கதவை அடைப்பதுதான். இருட்டத் தொடங்கினால் கோழிகள் தாமாகவே கூண்டுக்குள் சென்று அடைந்துவிடும் என்பதால், அவற்றைத் துரத்திப் பிடிக்கும் வேலை அந்த அம்மாவுக்கு இராது. எட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துத் தாழிட்டால் போதும். ஆனால் ஒரே ஓர் இரவு கதவு திறந்து கிடந்தாலும், நம் புறநகர்ப் பகுதிகளில் திரியும் பூனைக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் அது போதுமானது. பெருச்சாளியோ மண்ணைத் தோண்டிக்கொண்டு அடிவழியாக வரும். கூண்டின் தரை சிமெண்டாக இல்லாவிட்டால், புறப்படுவதற்கு முன்பே சுற்றிலும் கல் பதித்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி, கத்திரி வெயிலில் அதைப்போல இரு மடங்கும் அதற்கு மேலும் குடிக்கும். கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், பிற்பகலில் தண்ணீர் தீர்ந்தாலோ கவிழ்ந்தாலோ சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே கனமான மண் தொட்டிகள் இரண்டை நிழலில் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும். அவற்றைக் கழுவி இரு வேளையும் புதுத் தண்ணீர் ஊற்றவேண்டும். கூண்டின் மேற்குப் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே வெக்கை குறையும். காற்றை அடைக்கும் தார்ப்பாய் மே மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

தீவனத்தை மொத்தமாகக் கொட்டி வைக்காதீர்கள். அது எலியை அழைக்கும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், அந்த நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை என்று கணக்கிட்டால், உங்கள் எட்டுக்கும் சேர்த்து நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். மூடியுள்ள டிரம்மில் 12 கிலோ வைத்து, அளவுக்கு ஒரு டம்ளரையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

செங்கல்பட்டு யோசனையைக் கைவிடுங்கள். வெயிலில் வண்டிப் பயணமே கோழிகளை வாட்டிவிடும். அங்குள்ள கோழிகள் புதிதாக வந்தவற்றைக் கொத்தி விரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு மந்தையோடு கலந்தால் நோய் தொற்றும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிராவிட்டால், அதன் பலன் கிடைக்க நாளாகும் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அந்த அம்மாவையே எல்லா வேலையையும் செய்யவைத்து, நீங்கள் உடன் நின்று பாருங்கள். நீங்கள் எப்படிக் குரல்கொடுத்துக் கோழிகளைக் கூப்பிடுவீர்களோ அதையும் அவர் பழகிக்கொள்ளட்டும். முட்டைகளை அன்றன்றே எடுத்துத் தாமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு அது நியாயமான கைம்மாறு. முட்டை கிடந்தால் கோழி அடைக்கு உட்காரும், பாம்பும் தேடி வரும். மாலையில் கதவை அடைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொன்னால், திருமண வீட்டில் நீங்களும் நிம்மதியாக இருக்கலாம்.

ஏதேனும் ஒரு கோழி தீனி எடுக்காமல் இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாலோ, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, அதை உடனே தனிக்கூடையில் பிரித்துவைத்து உங்களை அழைக்கச் சொல்லுங்கள். உள்ளூர் மருத்துவரின் எண்ணையும் செலவுக்குச் சிறிது பணத்தையும் அவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. இறந்துவிட்டால் குப்பைத்தொட்டியில் எறியாமல், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.